தங்கூசி

மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கைவிட்ட கிரானைட் பள்ளம்.
வழக்கு இன்னும் முடியவில்லை. தண்ணீர் மட்டும்
தீர்ப்புக்குக் காத்திராமல் எழுபதடி ஏறிவிட்டது.

கடல் இல்லாத ஊர்க்காரர்கள் நாங்கள்
ஞாயிறுதோறும் அதில்தான் முங்கிப் பழகுகிறோம்:
சாயக்கடை கோவர்த்தனன்,
தல்லாகுளத்தில் மூக்குக்கண்ணாடி விற்கும் நிஹ்மத்,
ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் நான்.
தூத்துக்குடியிலிருந்து சிலிண்டர்களோடு வேனில் வருகிறவன் ரெக்ஸன்,
எங்கள் எல்லோரையும்விடச் சின்னவன்.

கரையில் எப்போதும் ஒரே சண்டை.
கத்தி இல்லாமல் இறங்கக் கூடாது என்கிறார் கோவர்த்தனன்.
அவருடையது கெண்டைக்காலில் கட்டியது,
ஒரு பக்கம் ரம்பப் பல், உறையில் மஞ்சள் பொத்தான்.
யாரைக் குத்தப் போறீங்க, ஜிலேபிக் கெண்டையையா
என்று நிஹ்மத் கேட்டால்
இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறார்.

கையுறை வேண்டாம் என்பான் ரெக்ஸன்.
உறை போட்ட கை எதையும் பிடிச்சுப் பார்க்கும்.
வெறுங்கைக்குத்தான் மரியாதை தெரியும்.
அதெல்லாம் பவளத்துக்கு. இங்கே என்ன,
துளை போட்ட பாறை, துருப்பிடித்த இரும்பு வடம்.
இங்க பழகுற கைதானே சிஸ்டர் அங்க வரும்?

வாரத்தில் ஆறு நாள் எனக்குக் கத்தியும் கையுறையும்தான்.
ஏழரை சைஸ். கழற்றும்போது விரல்கள்
வேறு யாருடையதோ போல வெளுத்திருக்கும்.
ஏழாம் நாளும் எதற்கு என்றுதான் நினைப்பேன்.
ஆனால் துருவுக்கு எத்தனை ஊசி போட்டவள் நான்,
அன்றைக்கும் மாட்டிக்கொண்டேன் தடித்த ரப்பரை.

நாற்பதடியில் பச்சை முடிந்து பழுப்பு.
பாறைச் சுவரில் யாரோ பெயிண்டால் எழுதிய எண்: 114.
அதற்குக் கீழே கோவர்த்தனன் நின்றுவிட்டார்.
நின்றார் என்றால், நிறுத்தப்பட்டார்.
துடுப்பில், சிலிண்டரின் கழுத்தில்,
உறையின் அந்த மஞ்சள் பொத்தானில்
தங்கூசி வலை.

வலை கண்ணுக்குத் தெரியாது. அதுதான் அதன் வேலை.
முதலில் சிக்கியது கத்திதான்,
அதனால் அவருக்குக் கத்தி இல்லை.
நான் உருவினேன். உருவி என்ன,
மூன்று மில்லிமீட்டர் ரப்பருக்கு வெளியே
நூல் எது, ஆள் எது என்று விரலுக்குப் புரியவில்லை.
பல்லால் கழற்றலாம் என்றால் வாயில் காற்று.
முழங்கால்களுக்கு நடுவே கொடுத்து இழுத்தேன் ஒரு உறையை.

தொட்டதும் தெரிந்துவிட்டது.
தையல் பிரிக்கிற மாதிரிதான்.
ஒன்று. இன்னொன்று. காதோரம் ஒன்று.
முகக்கண்ணாடிக்குள் அவர் கண்கள்,
மயக்கம் கொடுக்குமுன் எல்லோரும் பார்க்கிற கண்கள்.
பத்திலிருந்து கீழே எண்ணுங்க என்று சொல்ல
எனக்கு வாயில்லை.

கடைசி இழை விட்டபோது
கையுறை மேலே போனது,
கத்தி கீழே போனது.
நாங்கள் இரண்டு பேர் நடுவில், மெதுவாக,
குமிழிகளை முந்தாமல்.

கரையில் ஈரக் கைலியோடு ஒருவர்,
தோளில் லாரி ட்யூப், கையில் என் கையுறை.
இது யாருது? வலையை அறுத்தது யாரு?
சேவுகன் என்று பேர். புது வலை, தொள்ளாயிரம் ரூபாய்.
வேலி போட்ட பள்ளத்தில் வலை விரிக்க அவருக்கு உரிமையில்லை,
முங்க எங்களுக்கும் இல்லை.
கோவர்த்தனன் இரண்டு ஐந்நூறு கொடுத்தார், மீதி கேட்கவில்லை.
வாங்கிய கையைப் பார்த்தேன்.
விரல் மடிப்புகளில் நூல்நூலாய் வெட்டு,
ஆறியவற்றின் மேல் ஆறாதவை.

டீக்கடை வரைக்கும் வந்தது சண்டை.
பார்த்தியா கத்தி, என்றார் கோவர்த்தனன்.
பார்த்தீங்களா வெறுங்கை, என்றான் ரெக்ஸன்.
ஒரு டெய்லர் கத்திரி போதும், என்றான் நிஹ்மத்,
வடையை இரண்டாகப் பிய்த்துக்கொண்டே.
நான் சர்க்கரை கூடப் போடச் சொன்னேன்.

திங்கள் காலை முதல் கேஸ் குடலிறக்கம்.
மூடுவதற்கு முன் எண்ண வேண்டும்:
பிளேடு, ஊசி, பஞ்சு.
எண்ணினேன். சரியாக இருந்தது.
டாக்டர் கையை நீட்டியபடி நின்றார்.
இருங்க சார்,
இன்னொரு தடவை.